கைப்பையின் உருண்டைக் கைப்பிடிக்குள் என்ன இருக்கு? அந்தமானில் அது ஏன் சீக்கிரம் போகுது?

ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் இறங்குகிறீர்கள். முதுகில் ஒரு பை, கையில் ஆபீஸ் பை. அந்த ஆபீஸ் பைக்குள் லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில், குடை என்று எப்படியும் 6 கிலோ இருக்கும். படகிலிருந்து துறைக்கு ஒரு எட்டு எடுத்து வைக்கிறீர்கள். கை திடீரென்று லேசாகிறது. கைப்பிடி உங்கள் கையில் இருக்கிறது, பை கீழே கிடக்கிறது.

எனக்கு இதுதான் நடந்தது. லேப்டாப் தப்பியது. ஹார்டு டிஸ்க் தப்பவில்லை. மூன்று வாரம் அலைந்து சேர்த்த டேட்டா அதில் இருந்தது, பேக்கப் எடுக்காதது என் தப்பு. அன்றைக்கு ராத்திரி அறையில் உட்கார்ந்து பிய்ந்த கைப்பிடியைப் பார்த்தேன். தோலுக்குள்ளிருந்து ஒரு பருத்திக் கயிறு எட்டிப் பார்த்தது. கறுத்துப்போய், பூசணம் பூத்து, இழுத்தால் நூல் நூலாக வந்தது. ஆனால் வெளித்தோல் நடுவில் நல்லாவே இருந்தது. போனது முனையில்.

நீங்கள் தினமும் தூக்கும் பையிலும் இதே அமைப்புதான் இருக்க வாய்ப்பு அதிகம். அது எப்படித் தைக்கப்படுகிறது, எங்கே பலவீனமாகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை கடையில் விலைச்சீட்டைத் தவிர இன்னும் சிலதைப் பார்ப்பீர்கள்.

முதலில், ஏன் உருண்டை?

மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கவரில் ஐந்து கிலோ காய்கறி தூக்கியிருக்கிறீர்களா? பத்து நிமிஷத்தில் விரல் சிவந்து கோடு விழும். கவரின் காது சுருண்டு 3 மி.மீ. கயிறு மாதிரி ஆகிவிடுவதுதான் காரணம். அதே எடையை 11 மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டால், உள்ளங்கையில் அது உட்காரும் அகலம் ஏறக்குறைய 3.7 மடங்கு. எடை மாறவில்லை, அழுத்தம் மட்டும் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே என்று இறங்குகிறது. தட்டை வாரும் அகலம்தானே என்று கேட்கலாம். தட்டை வார் கையில் மடியும், சாயும், கடைசியில் அதன் ஓரம்தான் விரலை அறுக்கும். உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான்.

ஆனால் தோலை மட்டும் சுருட்டினால் உருண்டை நிற்காது, அமுங்கிவிடும். அதனால்தான் உள்ளே கயிறு. ஜாக்கெட் கழுத்தில் டெய்லர் அக்கா வைக்கிற பைப்பிங் ஞாபகம் இருக்கிறதா? துணியை மடித்து, நடுவில் கயிறு வைத்து, கயிற்றை ஒட்டித் தைப்பார்களே, அதேதான். துணிக்குப் பதில் தோல், சன்னக் கயிற்றுக்குப் பதில் விரல் தடிமன் கயிறு. கணக்கு கொஞ்சம் கடுமையாகிறது, அவ்வளவுதான்.

தோல் எவ்வளவு அகலம் வெட்ட வேண்டும்?

8 மி.மீ. கயிறு, 1.4 மி.மீ. தோல் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் சுற்றளவை மட்டும் எடுத்தால் 25 மி.மீ. வரும். அப்படி வெட்டினால் தோல் சுற்றி வந்து சேராது. ஏனென்றால் தோலுக்கும் தடிமன் உண்டு. வளைக்கும்போது தோலின் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடு அடுக்கு மட்டும் அப்படியே இருக்கும். அந்த நடு அடுக்கை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்: 8 உடன் 1.4 கூட்டினால் 9.4, அதை 3.14-ஆல் பெருக்கினால் 29.5 மி.மீ. இதோடு தையல் போட இரண்டு பக்கமும் 6 மி.மீ. சேர்த்தால், சுமார் 42 மி.மீ. அகல வார் தேவை. இறுக்கமாக வேண்டும் என்றால் இதில் ஒன்றிரண்டு மி.மீ. குறைத்து வெட்டி, தோலை இழுத்துத் தைப்பார்கள்.

எந்த இடத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு முழுத் தோலில் முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். கைப்பிடிக்கு முதுகுப் பக்கத்தில், முதுகெலும்புக்கு இணையாக நீளவாக்கில் வெட்ட வேண்டும். அந்த இடம்தான் விலை அதிகம். வயிற்றுப் பக்கத்தில் வெட்டிய கைப்பிடி ஆறே மாதத்தில் நீண்டு, உள்ளே கயிறு லொடலொட என்று ஆடும்.

தைக்கும் விதம்

இரண்டு வழி உண்டு. மெல்லிய, மிருதுவான தோல் என்றால் உள்பக்கம் வெளியே இருக்கும்படி குழாயாகத் தைத்து, புரட்டி, பிறகு கயிற்றை உள்ளே இழுப்பார்கள். பாவாடை நாடா கோர்ப்பது மாதிரி. இதில் தையல் வெளியே தெரியாது. தடித்த தோலில் இது நடக்காது, புரட்டவே முடியாது.

தடித்த தோலுக்கு இரண்டாவது வழி. முதலில் வாரின் இரண்டு முனைகளையும் உள்பக்கமாகச் சீவி மெலிதாக்குவார்கள். தாவரப் பதனிட்ட தோலாக இருந்தால் லேசாக நனைத்து, கயிற்றைச் சுற்றி வளைத்து, வரிசையாகக் கிளிப் போட்டுக் காயவிடுவார்கள். காய்ந்ததும் அந்த வடிவம் தங்கிவிடும். பிறகு உள்பக்கம் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, கயிற்றை வைத்து மூடி, கயிறும் தையல் பட்டையும் சேரும் இடத்தை எலும்புத் துண்டாலோ மரத் துண்டாலோ அழுத்தித் தேய்ப்பார்கள். இங்கே எவ்வளவு இறுக்கமாக அழுந்துகிறதோ அவ்வளவுதான் கைப்பிடியின் ஆயுள். தையல் கயிற்றிலிருந்து 2 மி.மீ. தள்ளிப் போனாலே உள்ளே காலி இடம் விழும், கயிறு நகரும், நகர நகரத் தோலை உள்ளிருந்தே தேய்க்கும்.

மிஷினில் தைத்தால் சாதாரணப் பாதம் கயிற்றின் மேல் ஏறி நிற்கும், அருகே போகாது. அதற்கு அடியில் பள்ளம் உள்ள பைப்பிங் பாதமோ, ஒரு பக்கம் மட்டும் உள்ள ஒற்றைப் பாதமோ வேண்டும். தையல் முடிந்ததும் மீதிப் பட்டையை 2, 3 மி.மீ. விட்டுக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்துக்குச் சாயம் போடுவார்கள். இந்த ஓரம் பெரும்பாலும் வளைவின் உள்பக்கம், அதாவது உங்கள் விரல் படும் பக்கம் வரும். கடையில் விரலை ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பு தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு, எனக்கு ரொம்பப் பிடித்தது. கைப்பிடி அரைவட்டமாக வளைந்திருக்கிறது இல்லையா? அதன் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட நீளம். எவ்வளவு நீளம்? கைப்பிடியின் தடிமனை 3.14-ஆல் பெருக்கினால் வருவது. 10.8 மி.மீ. தடிமனுக்கு 34 மி.மீ. கைப்பிடி சின்னதோ பெரியதோ, அரைவட்டம் என்றால் வித்தியாசம் அதேதான். நேராகத் தைத்துவிட்டு அப்புறம் வளைத்தால், இந்த 34 மி.மீ. தோல் உள்பக்கம் போக இடமில்லாமல் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதனால்தான் நல்ல பட்டறைகளில் வளைத்து வைத்தே ஒட்டி, வளைந்த நிலையிலேயே தைக்கிறார்கள். உள்பக்கம் சுருக்கம் இல்லாத கைப்பிடியைப் பார்த்தால், யாரோ நேரம் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மிஷின் தையலா, கைத் தையலா?

மிஷினில் மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று. ஒவ்வொரு துளையிலும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடிக்கிறது. ஒரு இடத்தில் நூல் அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் தளரும். கையில் தைக்கும் இரட்டை ஊசித் தையலில் ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. இரண்டு ஊசியும் ஒவ்வொரு துளை வழியாகவும் எதிரெதிராகப் போகும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். இதைச் 'சேடில் ஸ்டிச்' என்பார்கள், குதிரைச் சேணம் தைத்தவர்களின் தையல். இன்று உலகின் விலையுயர்ந்த கைப்பைகளை விற்கும் எர்மெஸ் நிறுவனமே 1837-ல் பாரிஸில் குதிரைக்கான வார்கள் செய்யும் பட்டறையாகத் தொடங்கியதுதான். நம் ஊரில் செருப்பும் கமலைத் தோலும் தைத்தவர்களுக்கும் குத்தூசியும் மெழுகு நூலும் பரம்பரைச் சொத்து. அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம், அதே கைவேலைக்கு 'ஹேண்ட்கிராஃப்ட்' என்று சீட்டு ஒட்டினால் பத்து மடங்கு விலை கொடுக்கிறது.

கைத்தையலுக்கு எவ்வளவு நேரம்? 36 செ.மீ. கைப்பிடி, 4 மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் 90 தையல். ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி, 180 தையல். ஒரு தையலுக்கு 20 விநாடி வைத்தாலும் முழுசாக ஒரு மணி நேரம், அதுவும் தைக்க மட்டும். வெட்ட, சீவ, ஒட்ட, காயவைக்க, ஓரம் போட எல்லாம் தனி. 999 ரூபாய்க்கு 'கையால் தைத்த தோல் பை' என்று ஆன்லைனில் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கைப்பிடி ஏன் முனையில் உடைகிறது?

6 கிலோ பை, நான்கு முனை. நின்றால் முனைக்கு 1.5 கிலோ, பெரிய விஷயமே இல்லை. படகிலிருந்து எட்டு வைக்கும்போது, பஸ்ஸில் ஏறும்போது வரும் வெட்டு இழுப்பில் இது இரண்டு மூன்று மடங்காகும். அதையும் தோல் தாங்கும். பிரச்சினை எடையில் இல்லை, மடிப்பில் இருக்கிறது.

கயிறு உள்ள பகுதி விறைப்பு. கயிறு முடிந்து தோல் மட்டும் தட்டையாகப் பைக்குப் போகும் பகுதி மெத்து. கயிற்றைச் சதக்கென்று நேராக வெட்டி நிறுத்தியிருந்தால், விறைப்பும் மெத்தும் சேரும் அந்த ஒரே கோட்டில்தான் ஒவ்வொரு முறையும் தோல் மடியும். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி உடைப்போமே, அது மாதிரி. கயிற்றின் கடைசி 2 செ.மீ.யைச் சாய்வாகச் சீவிப் படிப்படியாக மெலிதாக்கினால் மடிப்பு ஒரே கோட்டில் விழாமல் பரவும். இதைச் செய்ய ஆகும் செலவு ஒன்றுமில்லை, இரண்டு நிமிஷக் கத்தி வேலை. என் பையில் அந்த இரண்டு நிமிஷம் செலவழிக்கப்படவில்லை.

அந்தமான் இதில் எங்கே வருகிறது?

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. இங்கே சுமார் 3,000 மி.மீ. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, கூடவே கடல் உப்பு. தோல் பதனிடும் தொழில் என்று சொல்லிக்கொள்ளும்படி இங்கே எதுவும் இல்லை. கடையில் தொங்கும் பை எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ மெயின்லேண்டிலிருந்து வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இங்குள்ளவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அதனால் சென்னையில் வாங்கிய பையோடு வந்து இறங்கும் நம்மவர்களுக்குக் குறைவில்லை. அந்தப் பை இந்த ஊருக்காகச் செய்யப்பட்டதில்லை.

உள்ளே இருக்கும் கயிறுதான் முதலில் மாட்டும். பருத்திக் கயிறு கைக்கு இதமானது, சொல்யூஷன் நன்றாக ஒட்டும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலுக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை, பூசணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மலிவுப் பைகளில் காகிதக் கயிறு வைப்பதும் உண்டு. ஒரு நல்ல மழை போதும், கூழாகிவிடும். பிளாஸ்டிக் குழாய் தண்ணீர் குடிக்காது, ஆனால் வருஷங்கள் போகப் போக விறைத்துவிடும், ஓரிடத்தில் ஒடிந்தால் அந்த மடிப்பு நிமிராது. பாலிப்ரோப்பிலீன் கயிறும் ஈரம் உறிஞ்சாது, ஆனால் அதில் சொல்யூஷன் சரியாக ஒட்டாது. இந்த ஈரத்துக்கு என் ஓட்டு பாலியெஸ்டர் பின்னல் கயிறுக்கு. முறுக்குக் கயிறு என்றால் அதன் மேடுபள்ளம் மெல்லிய தோலில் வெளியே தெரியும், பின்னலில் அது குறைவு.

தேங்காய்க்குப் பஞ்சமில்லாத தீவாச்சே, தேங்காய் நார்க் கயிறு வைக்கலாமே என்று தோன்றலாம். ஈரத்தையும் உப்பையும் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு, கப்பல் கட்டும் கயிறே அதுதானே. ஆனால் நார் முள்ளு முள்ளாகத் தோலைக் குத்தும், சொரசொரப்பு வெளியே அச்சாகத் தெரியும். இந்த ஊரில் நார்க் கயிற்றுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் கைதிகளுக்குத் தரப்பட்ட தண்டனை வேலைகளில் செக்கிழுப்பதோடு மட்டை அடித்து நார் எடுப்பதும் கயிறு திரிப்பதும் இருந்தன. அங்கே போனால் செக்கைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம், கயிற்றை யாரும் நினைப்பதில்லை.

அடுத்தது தோல். 'வீகன் லெதர்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன். அதில் பல வகை, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து தானாகவே சிதையும். பையைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் செதில் செதிலாக உரியும். உங்கள் தப்பு இல்லை, வேதியியல். கைப்பிடி இறுக்கமாக வளைந்த பகுதி என்பதால் அங்கேதான் முதலில் உரியும்.

உண்மைத் தோலில் இரண்டு வகை. குரோமியம் உப்பில் பதனிட்டது ஈரத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் அது என்ன விலைக்கு வந்தது என்பது பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக அறிவித்த 1996 ஆகஸ்ட் தீர்ப்பு, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கில்தான் வந்தது. இன்னொன்று ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி மரச்சாறுகளில் பதனிட்டது. தமிழ்நாட்டின் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' இந்த வகை, அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. புதுச்சேரியில் 1978-ல் திலீப் கபூர் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் பெயர் வாங்கியதும் தாவரப் பதனிட்ட தோலை வைத்துத்தான். வடிவம் பிடிப்பதால் உருண்டைக் கைப்பிடிக்கு இது அருமையான தோல். ஆனால் கழிவே இல்லாத தொழில் என்று நினைத்துவிடாதீர்கள், அதன் கழிவுநீரும் சுத்திகரிக்க வேண்டியதுதான்.

தாவரப் பதனிட்ட தோலுக்கு ஒரு எதிரி உண்டு: இரும்பு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. அந்தக் காலத்தில் எழுதும் மை அப்படித்தான் செய்தார்கள். கைப்பிடி மாட்டியிருக்கும் வளையம் முலாம் பூசிய இரும்பாக இருந்தால், உப்புக் காற்றில் முலாம் விட்டு, துரு கசிந்து, வளையத்தைச் சுற்றித் தோல் கறுத்துப்போகும். என் பையில் அந்தக் கறுப்பு வளையம் பிய்வதற்கு ஆறு மாதம் முன்பே இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் என்ன பார்க்கலாம்?

கைப்பிடியின் முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கயிறு எங்கே முடிகிறது என்று சட்டென்று ஒரு படி மாதிரி தட்டுப்பட்டால் அது உடையப்போகும் இடம். படிப்படியாக மெலிந்தால் நல்லது. கைப்பிடியை முறுக்கிப் பாருங்கள், தோல் மட்டும் திரும்பிக் கயிறு உள்ளே நின்றால் ஒட்டு இல்லை. வளையத்தில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஃபிரிட்ஜ் காந்தம் போதும். ஒட்டினால் அநேகமாக இரும்பு, தீவில் வேண்டாம். ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் சொல்ல முடியாது. துத்தநாகக் கலவையும் ஒட்டாது, அது இழுப்பில் பொட்டென்று முறியும். கையில் எடுத்தால் பித்தளை கனமாக இருக்கும். உள்ளே என்ன கயிறு என்று கேளுங்கள். முக்கால்வாசிக் கடையில் பதில் வராது, செய்தவரிடமே வாங்கினால் வரும்.

வீட்டில், பையை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். ஃபேன் காற்று படும் இடத்தில் திறந்து வையுங்கள். எடையோடு ஆணியில் தொங்கவிடாதீர்கள். பூசணம் பூத்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள், வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். அம்மா சொல்வது மாதிரி தேங்காய் எண்ணெய் தடவலாமா? கொஞ்சம் தடவினால் பளபளக்கும். நிறையத் தடவினால் தோல் தொளதொளக்கும், கைப்பிடி நீளும், எண்ணெய் சிக்குப் பிடித்த வாடையும் வரும்.

பிய்ந்தாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. தையலைப் பிரித்து, கயிற்றை மாற்றி, பழைய துளையிலேயே திரும்பத் தைக்கலாம். நான் என் பையை அபர்டீன் பஜார் பக்கம் செருப்பு தைக்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். வாங்கியதும் அவர் முதலில் அழுத்திப் பார்த்தது முனையைத்தான். பருத்தியை உருவிப் போட்டுவிட்டு, 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றை இரண்டு முனையும் சாய்வாகச் சீவி வைத்து, மெழுகு நூலில் இரண்டு ஊசி போட்டுத் தைத்தார். ஒரு கைப்பிடிக்கு 40 நிமிஷம் ஆச்சு, என் கணக்கைவிட 10 நிமிஷம் கூட. வெடித்த முனைகளை வெட்டி எடுக்க வேண்டி வந்ததால் கைப்பிடி இரண்டு பக்கமும் 3 செ.மீ. குறைந்துவிட்டது. முன்பு தோளில் மாட்டுவேன், இப்போது கையில்தான் பிடிக்க முடிகிறது.